கதை திருடு போனால் வழக்குப் போட முடியுமா? சட்டம் சொல்வது இதுதான்!

காரிமங்கலத்தில் இருந்து ஒருவர் சினிமாவுக்குக் கதை எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். சில வருடம் கழித்து அதே மாதிரி கதை தியேட்டரில் ஓடினால், அவர் என்ன செய்யலாம்?

உரிமை எப்போது வரும்?
1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனே உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது செல்லும்.

சிக்கல் எங்கே?
கதைக்கருவுக்கு உரிமை கிடையாது. அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில், நாடகமும் சினிமாவும் ஒரே கருவைப் பேசினாலும் அது நகல் ஆகாது என்று சொல்லி, நாடக ஆசிரியரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அப்போ எது கைகொடுக்கும்?
தேதியோடு இருக்கும் ஆதாரம். வருண் ராஜேந்திரன் தனது 'செங்கோல்' கதையை 2007-லேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்திருந்தார். 2018-ல் 'சர்கார்' சர்ச்சை வெடித்தபோது, காப்பியடிக்கவில்லை என இயக்குநர் முருகதாஸ் மறுத்தார். ஆனாலும் சமரசத்தில், டைட்டிலில் வருண் பெயரைப் போட ஒப்புக்கொள்ளப்பட்டது.

என்ன செய்யணும்?
ஒன்லைனை மட்டும் வாயால் சொல்லிவிட்டு வரக்கூடாது. காட்சி, வசனத்தோடு முழுசா எழுதி, பதிந்த பிறகே கதை சொல்லப் போகணும். டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தில் ஊரில் இருந்தபடியே ஆன்லைனில் பதியலாம். கதைக்கு கட்டணம் 500 ரூபாய்.