நின்றபடியே நின்றுபோகும் மூச்சு

மூன்றாம் படிவ வகுப்பில் சுவாசத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். "டீச்சர், வெளிநாட்டுல பாட்டுக் கச்சேரிக்குப் போனவங்க மூச்சு முட்டிச் செத்துட்டாங்கன்னு படிச்சேன். வெட்டவெளியிலதானே கச்சேரி நடக்குது? காத்து நிறைய இருக்குமே, எப்படி டீச்சர் மூச்சு முட்டும்?"

அன்று மணி அடித்துவிட்டதால் பாதிப் பதிலோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மீதிப் பதிலை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். நண்பர்களோடு கச்சேரி, கால்பந்து ஆட்டம், தைப்பூசம் என்று நீங்கள் தனியாகப் போகத் தொடங்கும் வயது இது.

பனையூரில் ஒரு மாலை

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு கச்சேரி. 2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12ஆம் தேதி நடக்கவேண்டியது, மழையால் தள்ளிவைக்கப்பட்டு அன்று நடந்தது.

சாலை அடைத்துக்கொண்டு வாகனங்கள் நகரவில்லை. சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் வீடு திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து அழுதார்கள். பெண்கள் சிலர் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொன்னார்கள். மூச்சுவிடவே முடியவில்லை என்று பலர் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் திரண்டுவிட்டதாகக் காவல்துறை கூறியது. ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே நுழைய முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார்.

நல்ல வேளையாக அங்கே யாரும் உயிரிழக்கவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் 9 பேர் இறந்தார்கள். 2010இல் ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் நடந்த 'லவ் பரேட்' இசை விழாவில் 21 பேர் இறந்தார்கள். 2021 நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 'ஆஸ்ட்ரோவேர்ல்டு' விழாவில் 10 பேர் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் மூத்தவருக்கு வயது 27. இளையவன் 9 வயதுச் சிறுவன்.

இவற்றைப் பற்றிய செய்திகளில் 'பீதியில் ஓடினார்கள், மிதிபட்டு இறந்தார்கள்' என்ற வாக்கியம் அடிக்கடி வரும். பெரும்பாலான சம்பவங்களில் அது உண்மை அல்ல. ஓடுவதற்கு அங்கே இடமே இருப்பதில்லை. இறந்தவர்களில் பலர் நின்ற இடத்தில், நின்றபடியே மூச்சை இழந்தவர்கள்.

ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர்?

தரையில் சுண்ணக்கட்டியால் 1 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஒரு சதுரம் வரையுங்கள். அதில் இரண்டு பேர் நின்றால் தாராளமாகத் திரும்பலாம். நான்கு பேர் நின்றால் தோள்கள் கிட்டத்தட்ட உரசும். ஆனாலும் யாரும் யாரையும் அழுத்தமாட்டார்கள். சோதனையை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கற்பனை போதும்.

ஐந்து பேர் என்றால் தொடாமல் நிற்க முடியாது. ஆறு, ஏழு பேர் என்றால் கீழே தொங்கும் கையை மேலே தூக்க முடியாது. எந்தப் பக்கம் போவது என்பதை அதன் பிறகு நீங்கள் முடிவு செய்வதில்லை, கூட்டம்தான் முடிவு செய்கிறது. கூட்ட நெரிசல்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் ஜான் ஃபுரூயின், சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற நிலையில் கூட்டம் ஏறக்குறைய ஒரு திரவம்போல ஆகிவிடுகிறது என்று எழுதினார். அந்த நிலையில் மனிதர்கள் தரையிலிருந்து தூக்கப்படுவதும், காலணிகள் கழன்றுபோவதும் உண்டு.

2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சோலின் இதேவோன் பகுதியில் ஹாலோவீன் கொண்டாட்டத்தின்போது 159 உயிர்களைப் பறித்த நெரிசலை நினைத்துப் பாருங்கள். அது நடந்த சந்தின் நீளம் சுமார் 40 மீட்டர். குறுகலான இடத்தில் அகலம் 3.2 மீட்டர். சந்து முழுவதும் அதே அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பளவு 128 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்றால் 512 பேர். ஆயிரக்கணக்கானோர் திரண்ட ஒரு கொண்டாட்டத்தில், அந்தச் சந்து பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது அவ்வளவுதான்.

கூட்டத்தில் எழும் அலை

ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஆண்டுதோறும் சான் ஃபெர்மின் விழா நடக்கும். தொடக்க நாளில் நகர மன்றத்தின் முன்னுள்ள சிறிய சதுக்கத்தில் சுமார் 5,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் டெனிஸ் பார்த்தலோவின் குழு, பல ஆண்டுகள் அந்தக் கூட்டத்தை உயரத்திலிருந்து படம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது.

சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்ற அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானோர் ஒரே உடல்போலச் சேர்ந்து மெல்லச் சுழன்று ஆடத் தொடங்கினார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 18 விநாடி. யாரும் வேண்டுமென்று ஆடவில்லை. உள்ளே நிற்பவருக்குத் தன்னை யாரோ தள்ளுவதாகத்தான் தோன்றும். 2010இல் டுயிஸ்பர்க் விழாவில் எடுத்த காணொளிகளைப் பார்த்தபோது, அங்கும் இதே மாதிரியான ஆட்டம் தெரிந்தது. கேமராக்கள் இந்த ஆட்டத்தைக் கவனித்துச் சொன்னால், நெரிசல் கொடியதாக மாறும் முன்பே எச்சரிக்க முடியும் என்பது அந்த ஆய்வு தரும் நம்பிக்கை.

ஏன் அலை எழுகிறது? நீங்கள் படித்த விசைதான். பின்னால் நிற்பவர் அரை அடி முன்னே சாய்கிறார். அவருக்கு முன்னால் இடைவெளி இருந்தால் அந்த விசை அங்கேயே தீர்ந்துவிடும். இடைவெளி இல்லையென்றால் அடுத்தவர் மேல் போகும், அவரிடமிருந்து அடுத்தவருக்கு. வரிசை வரிசையாகச் சிறு சிறு விசைகள் கூடிக்கொண்டே போய், முன்னால் சுவரிலோ தடுப்பிலோ நிற்பவர் மேல் மொத்தமாக இறங்கும். கடந்தகாலச் சம்பவங்களில் இரும்புத் தடுப்புக் கம்பிகள் வளைந்து கிடந்ததை வைத்து, அங்கே 4,500 நியூட்டனுக்கு மேல் விசை இருந்திருக்க வேண்டும் என்று ஃபுரூயின் குறிப்பிட்டார். இது ஏறக்குறைய 450 கிலோகிராம் பொருளின் எடை. நான்கு கப்சாய் மோட்டார்சைக்கிள்களை ஒன்றாக அடுக்கி உங்கள் நெஞ்சில் சாய்த்ததுபோல.

காற்று இருந்தும் மூச்சு இல்லை

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். நாம் மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் சுருங்கி, விலாக்கூட்டை மேலும் வெளியேயும் தூக்குகின்றன. நெஞ்சறையின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நுழைகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர்.

கவனியுங்கள்: முதலில் நெஞ்சு விரிகிறது, பிறகுதான் காற்று வருகிறது. முன்னும் பின்னும் அழுத்தம் இருந்தால் நெஞ்சு விரியாது. சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தாலும் பயனில்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சற்றுச் சுருங்கும். அந்தச் சிறு இடத்தையும் கூட்டம் நிரப்பிவிடும். அடுத்த மூச்சு இன்னும் சிறியதாகிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரும். விழுவதற்கும் இடமில்லாததால் மயங்கியவர் நின்றபடியே இருப்பார். பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. ஹியூஸ்டனில் இறந்த பத்துப் பேரின் மரணத்துக்கும் மருத்துவப் பரிசோதனையில் சொல்லப்பட்ட காரணம் உடல் நசுங்கியதால் வந்த இந்த மூச்சடைப்புதான்.

வாசலின் கணக்கு

கூட்டம் இவ்வளவு அடர்த்தியாவது எப்படி? பல நேரம் காரணம் வாசலில் இருக்கும். விளையாட்டரங்குகளுக்கான பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி சில எண்களைத் தருகிறது. சமதரையில் 1 மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். சீட்டைச் சோதிக்கும் ஒரு சுழல்வாயிலில் மணிக்கு 660 பேர் வரை உள்ளே போகலாம்.

20,000 பேரை இரண்டு மணி நேரத்தில் உள்ளே விட வேண்டும். ஒரு வாயிலில் இரண்டு மணி நேரத்துக்கு 1,320 பேர். ஆகவே குறைந்தது 16 வாயில் தேவை. எட்டுதான் வைத்தால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் ஏறக்குறைய 10,000 பேர் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே பாட்டு ஆரம்பமாகிறது. வெளியே நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தில் 40,000 இருக்கைகள். அந்த வழிகாட்டி வெளியேறுவதற்குச் சொல்லும் அதிகபட்ச நேரம் 8 நிமிடம். அதன்படி இவ்வளவு பேர் வெளியேற, எல்லா வழிகளையும் சேர்த்து சுமார் 61 மீட்டர் அகலம் வேண்டும். ஜே.டி.டி. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். டுயிஸ்பர்க்கில் உள்ளே போகவும் வெளியே வரவும் சுரங்கப்பாதைகளோடு இணைந்த ஒரே சாய்தளம் பயன்பட்டது. எதிரெதிராக வந்த இரண்டு கூட்டங்களும் அங்கேதான் சிக்கிக்கொண்டன.

பின்னால் நிற்பவருக்குத் தெரியாது

முன்னால் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது, முப்பது வரிசைக்குப் பின்னால் நிற்பவர் பாட்டை ரசித்துக்கொண்டிருப்பார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒலிபெருக்கியின் முன் அலறல் கேட்காது. முழு இடத்தையும் மேலிருந்து பார்க்கக்கூடியவர்கள் ஏற்பாட்டாளர்களும் காவல்துறையும் மட்டுமே. இதேவோனில் நெரிசல் ஆபத்தாக இருக்கிறது என்று அவசர எண்ணுக்கு முதல் அழைப்பு வந்தது மாலை 6.34க்கு. உயிர்கள் போனது இரவு 10.15ஐ ஒட்டி. இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தது.

அதனால்தான் 'கூட்டத்துக்கு ஒழுக்கமில்லை' என்று பேசி முடித்துவிடக் கூடாது. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நடந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். பழி பல ஆண்டுகள் ரசிகர்கள் மேல்தான் இருந்தது. 2016இல்தான் மரண விசாரணையின் நடுவர் குழு, ரசிகர்கள் மேல் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. அதுவரை 27 ஆண்டுகள் குடும்பங்கள் போராடின. ரோஸ்கில்டேவில் அப்படிப் பழி போட்டு முடிக்கவில்லை. மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனை பேர்தான் என்று எண்ணி அனுப்பத் தொடங்கினார்கள். விழா இன்றும் நடக்கிறது.

நீங்கள் சிக்கிக்கொண்டால்

- உள்ளே போனதும் வெளியேறும் வழிகளைப் பாருங்கள். நீங்கள் வந்த வழிதான் அருகிலுள்ள வழி என்று நினைக்காதீர்கள்.
- இரு பக்கமும் தோள் உரசினால் அது முதல் எச்சரிக்கை. கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியும்போதே வெளியேறுங்கள்.
- நெருங்கிவிட்டால் குத்துச்சண்டை வீரர்போலக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து வையுங்கள். நெஞ்சு விரிய ஒரு சிறு இடம் கிடைக்கும்.
- அலைக்கு எதிராகத் தள்ளாதீர்கள். அது ஓயும் நேரத்தில், பக்கவாட்டில் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். சுவர், தடுப்பு, மேடையின் முன்பகுதி ஆகியவற்றை விட்டு விலகுங்கள்.
- கைப்பேசி விழுந்தால் குனியாதீர்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள்.
- விழுந்துவிட்டால் ஒரு பக்கமாகச் சுருண்டு தலையையும் நெஞ்சையும் காத்துக்கொள்ளுங்கள். அருகில் ஒருவர் விழுந்தால் உடனே தூக்கிவிடுங்கள்.
- பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் 999க்கு அழையுங்கள். 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று இருந்துவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மண்டபத்தின் கதவுகளை அளவுநாடாவால் அளந்து அகலங்களைக் கூட்டுங்கள். அதை 82ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் வெளியேறலாம் என்று தெரியும். 600 மாணவர்கள் இருக்கும் மண்டபத்தில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கதவுகள் இரண்டு இருந்தால், இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே வந்துவிடலாம். ஒரு கதவு பூட்டியிருந்தால் அதே கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அளந்து முடித்ததும் இன்னொன்றையும் பாருங்கள். சபைகூடலின்போது அந்தக் கதவுகளில் எத்தனை திறந்திருக்கின்றன? எத்தனை கதவுகளுக்கு முன்னால் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன? உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதி, பள்ளியில் பாதுகாப்புப் பொறுப்பில் உள்ள ஆசிரியரிடம் கொடுங்கள்.