வகுப்பறையில் வளர வேண்டிய உயிர் எது?

ஆரம்பப் பள்ளியின் வகுப்பறையில் ஒரு பிராணியை வளர்த்துக் குழந்தைகளுக்கு ஜீவகாருண்யம் புகட்ட வேண்டுமென்று உபாத்தியாயர்கள் ஆசைப்படுவது இயல்பே. ஆசை நல்லது. ஆனால் எந்தப் பிராணி என்னும் கேள்வியை அற்பமென்று தள்ளிவிடலாகாது. தன்னிலும் எளிய உயிரிடம் ஒரு குழந்தை எவ்விதம் நடந்துகொள்ளப் பழகுகிறதோ, அவ்விதமே பின்னாளில் எளிய மனிதரிடமும் நடந்துகொள்ளும் என்பது நமது துணிபு.

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கூண்டுக் கிளியே. அது வேண்டவே வேண்டாம். நமது நாட்டுப் பச்சைக் கிளியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நட்சத்திர ஆமைக்கும் இதுவே விதி. சட்டம் ஒருபுறமிருக்கட்டும். சுவரில் விடுதலை வீரர்களின் படங்களை மாட்டிவிட்டு, அவற்றின் கீழே ஒரு பறவையைச் சிறை வைத்தால், குழந்தைகள் எதை நம்புவார்கள்? சுவரிலுள்ள படத்தையா, கண்முன் உள்ள கூண்டையா?

கடைகளில் விற்கும், காதருகே சிவப்புக் கோடுள்ள சிறு ஆமையோ அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் உடம்பில் சால்மொனெல்லா என்னும் கிருமி தங்கக்கூடும். குழந்தைகள் நோயுற்றதைக் கண்டு, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்கலாகாதென அமெரிக்காவிலேயே 1975-இல் தடை விதித்தார்கள். வளர்ந்து பெருத்தபின் அதைக் குளத்தில் விட்டால், நமது நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அபகரிக்கும். முயல் சாதுவானதுதான், எனினும் கடும் வெப்பத்தைத் தாங்காது. சித்திரை வெயிலில், பூட்டிய பள்ளிக்கூடத்தில் அதன் கதி என்ன?

ஆகவே தேர்வுக்கு இரண்டு கேள்விகள் போதும். நம்மிடம் வாழ்வதால் இவ்வுயிர் தன் சுதந்திரத்தை இழக்கிறதா? பள்ளி மூடியிருக்கும் நாட்களில் இதற்குப் பொறுப்பு யார்?

இவ்விரண்டுக்கும் நல்ல விடை தருவது பட்டுப்புழு. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதன் கையிலேயே வளர்ந்ததால், அதன் அந்துப்பூச்சி பறக்கும் சக்தியையே இழந்துவிட்டது. காட்டில் விட்டால் பிழைக்காது. மல்பெரி பயிராகும் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஜில்லாக்களில் இலை எளிதில் கிடைக்கும். பூச்சிமருந்து தெளிக்காத இலையாக இருப்பது அவசியம். எறும்பளவாகப் பிறக்கும் புழு நான்கு முறை தோலுரித்து, சுமார் 25 நாட்களில் கூடு கட்டுகிறது. பின்னர் வெளிவரும் அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. முட்டையிட்டுச் சில நாட்களில் மடிகிறது. பிறப்பும் மாறுதலும் மரணமும் விடுமுறைக்கு முன்பாகவே குழந்தையின் கண்முன் நிகழ்ந்துவிடுகின்றன. கூட்டை வெந்நீரிலிட்டுப் பட்டு எடுப்பதையும் குழந்தைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. தங்கள் பட்டுச் சட்டையைப் பற்றி அவர்கள் சங்கடமான கேள்வி கேட்டால், அதுவே கல்வி.

மல்பெரி கிடைக்காத ஊர்களில், ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியில், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கப்பி மீன்களை வைக்கலாம். அவை கொசுப் புழுக்களைத் தின்பதால் சுகாதார இலாகாவினரே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். சனி, ஞாயிறு இரை போடாவிட்டாலும் அவை சாகா. ஆயினும் இவை தென் அமெரிக்க மீன்கள். ஏரி குளங்களில் விடலாகாது. கோடை விடுமுறையிலும் தொட்டிக்கு நீர் ஊற்ற ஆள் வேண்டும்.

இது குழந்தை விளையாட்டன்று. ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராயிருந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிவதையைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியின் பலனாக 1960-இல் சட்டம் பிறந்தது. 1976-இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவதைப் பிரஜைகளின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. கடமையை ஏட்டில் எழுதிவிட்டோம்; வகுப்பறையில் அதைப் பழக்க வேண்டியவர்கள் நாமே.

பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோருக்கும் ஊர்ப் பொதுநல ஊழியர்களுக்கும் நமது வேண்டுகோள் இதுவே: பாரத்தை உபாத்தியாயர் தலையில் மாத்திரம் சுமத்தாதீர்கள். விடுமுறை நாட்களின் பொறுப்பாளர் பெயரைப் பலகையில் எழுதியபின் பிராணியைக் கொண்டுவாருங்கள். எழுதப் பெயர் கிடைக்காவிடில், மரத்தடியில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தால் போதும். பறவைகள் தாமே வரும்; தாமே போகும். அதைப் பார்த்திருப்பதும் குழந்தைகளுக்கு நல்ல பாடமே.