தழும்புகளோடு ஒரு பொதுக் குளியல்: ஜப்பானின் 'சென்தோ'

ஜப்பானில் வீட்டுக்கு வெளியே குளிப்பதற்கு இரண்டு வகையான இடங்கள் உண்டு. நிலத்துக்கடியிலிருந்து இயற்கையாக ஊறும் வெந்நீரில் குளிக்கும் இடம் 'ஒன்சென்'. பெரும்பாலும் சாதாரணத் தண்ணீரைச் சூடாக்கி, அயலில் உள்ளவர்கள் நாளாந்தம் வந்து குளிப்பதற்காக நடத்தப்படும் இடம் 'சென்தோ'. நான் முதன்முறையாகப் போனது டோக்கியோவில் குடிமனைகளுக்கு நடுவே இருந்த ஒரு சென்தோவுக்கு.

போவதற்கு முன் எனக்கு இருந்த தயக்கம் மொழி பற்றியதல்ல. சென்தோவில் உடுப்பு எதுவுமின்றித்தான் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் என்றாலும், நாங்கள் கிணற்றடியில் சாரத்தோடும் குறுக்குக்கட்டோடும் குளித்து வளர்ந்தவர்கள். அதைவிட, என் முதுகிலும் இடது தொடையிலும் செல் துண்டுகள் கிழித்த தழும்புகள் இருக்கின்றன. யாராவது கேட்டால் என்ன சொல்வது? கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிக் குளிப்பது? செல் விழுந்த நிலத்திலிருந்து வந்த பலருக்கும் இந்தக் கேள்விகள் புதியவை அல்ல.

சென்தோவின் வாசலில் ஒரு துணி தொங்கும். வெந்நீரைக் குறிக்கும் 'யூ' என்ற ஒற்றை எழுத்து அதில் இருக்கும். செருப்பைக் கழற்றிச் சிறிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போய்க் காசைக் கொடுக்க வேண்டும். டோக்கியோவில் பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. இதை உரிமையாளர் தன் விருப்பப்படி கூட்ட முடியாது. 1946ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஒவ்வொரு மாகாணத்தின் ஆளுநரே உச்சக் கட்டணத்தை நிர்ணயிக்கிறார். போர் முடிந்த பஞ்ச காலத்தில் வந்த அந்த ஆணை பெரும்பாலான பொருட்களை விட்டுப் போய்விட்டது. குளியல் கட்டணத்தை இன்னும் விடவில்லை. குளிப்பது ஏழைக்கும் எட்ட வேண்டிய அன்றாடத் தேவை என்பதே அதன் காரணம்.

உள்ளே சுவரோரமாகத் தாழ்வான குழாய்கள், சிறிய இருக்கைகள், தண்ணீர் ஏந்த வட்டக் கிண்ணங்கள். முதலில் அங்கே இருந்து சவர்க்காரம் போட்டு உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். நுரை முழுவதும் போன பிறகுதான் பெரிய தொட்டிக்குள் இறங்கலாம். தொட்டி ஊத்தை போக்குவதற்கல்ல, உடம்பைச் சூடாக்குவதற்கு. தண்ணீர் வழமையாக 40 முதல் 43 பாகை வரை இருக்கும். எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்பதால் சிறிய துவாயைக்கூட அதில் நனைப்பதில்லை. மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். சுவரில் பியூஜி மலையின் பெரிய ஓவியம் இருந்தது. 1912இல் டோக்கியோவின் கண்டா பகுதியிலிருந்த ஒரு குளிப்பிடத்தில் தொடங்கிய வழக்கம் அது.

எனக்குப் பக்கத்துக் குழாயில் இருந்த முதியவரின் நெஞ்சில், மேலிருந்து கீழாக நீண்ட சத்திரசிகிச்சைத் தழும்பு. இன்னொருவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். என் முதுகை அவர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் இறங்கியபோது முதியவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான்.

இதை வைத்து, சென்தோ எல்லோரையும் எப்போதும் ஏற்றுக்கொண்ட இடம் என்று எழுதிவிட முடியாது. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்களின் உடம்பில் தீக்காயங்கள் தடித்த தழும்புகளாக ஆறின. அது தொற்றும் என்று சனம் பயந்தது. பார்வைகளுக்கு அஞ்சிப் பொதுக் குளியலைத் தவிர்த்ததாக அவர்களில் பலர் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில், ஒட்டாரு நகரத்தில் வெளிநாட்டவரை உள்ளே விடாத ஒரு குளிப்பிடத்துக்கு எதிராக வழக்குப் போடப்பட்டது. அது இனப் பாகுபாடு என்று 2002இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. ஒரே தொட்டியில் இருப்பதற்கான உரிமைக்காக அங்கேயும் சிலர் போராட வேண்டியிருந்தது.

சென்தோக்கள் பெருகியதற்கும் போருக்கும் தொடர்பு உண்டு. மரவீடுகள் நெருங்கியிருந்த நகரங்களில் தீப்பயத்தாலும் விறகுத் தட்டுப்பாட்டாலும் வீட்டில் குளியலறை வைப்பது முன்பே அரிது. 1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்கள் டோக்கியோவை எரித்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பிறகு அவசரமாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் குளியலறை இருக்கவில்லை. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்களின் வாடகை அறைகளிலும் இல்லை. 1968 அளவில் நாடு முழுவதும் ஏறக்குறைய 18,000 சென்தோக்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது. எரிபொருள் விலை ஏறியது. உரிமையாளர்களுக்கு வயதாகி, பொறுப்பேற்கப் பிள்ளைகள் வரவில்லை. இன்று 2,000க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. தனியே வாழும் முதியவர் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் அதைக் கவனிக்கிற இடமும் அதோடு மூடப்படுகிறது.

அங்கே போக நினைக்கும் எங்களவர்களுக்குச் சில விடயங்கள். ஆறிய தழும்புக்கு எந்தத் தடையும் இல்லை. ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பச்சை குத்தியவர்களைப் பல ஒன்சென்கள் அனுமதிப்பதில்லை. அயற்பகுதிச் சென்தோக்கள் பல அனுமதிக்கின்றன, வாசலில் கேட்டுக்கொள்ளலாம். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்த பெண்கள் தழும்பை மறைத்து அணிவதற்கென்றே தைத்த குளியல் மேலாடைகள் அங்கே உண்டு. அவற்றை ஏற்கும் குளிப்பிடங்களும் உள்ளன. மறைக்க விரும்புகிறவர் மறைக்கலாம், விரும்பாதவர் அப்படியே இறங்கலாம். அதைத் தீர்மானிப்பது காயம் பட்டவராக இருக்க வேண்டும், பார்க்கிறவர் அல்ல.