கின்னிக்கோழிக்கு ஒரு ஹாஸ்டல்!

ஹாஸ்டல் ரூல்ஸ் யாருக்குத்தான் பிடிக்கும்? பகல் முழுக்க ஊர் சுத்தணும், ராத்திரி எங்கே தங்கறதுன்னு நாமே முடிவு பண்ணணும். இதே பாலிசியோட சுத்துற ஒரு பார்ட்டி நம்ம திருச்சிப் பக்கத் தோப்புகளிலும் உண்டு. கின்னிக்கோழி!

சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலை, ஓயாத கத்தல். பூர்வீகம் ஆப்பிரிக்கா. உத்தரப்பிரதேசம் இஸத்நகரில் இருக்கும் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூணு ரகங்களை உருவாக்கியிருக்கு. பேரைக் கேட்டா கல்ச்சுரல்ஸ்ல ஆடுற தோழிகள் மாதிரி இல்லே?

புதுசா யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். பூச்சி, புழுவைப் பொறுக்கித் தின்னும். அதனால பகல்ல அடைச்சு வெச்சா வேஸ்ட். ஆனா ராத்திரி வெளியே விட்டா ஆபத்து. மரத்துல ஏறித் தூங்கினா மரநாயும் ஆந்தையும் விடாது. புதருக்குள்ளே அடைகாத்தா இன்னும் மோசம். கோழி முட்டை 21 நாளில் பொரியும். இதுக்கு 26 முதல் 28 நாள். அத்தனை ராத்திரியும் தரையில தனியா!

தானா வரணும்!

பஞ்சாரத்தைக் கவிழ்த்து அமுக்கற கதை இங்கே எடுபடாது. இதுக்கு உயரம் பிடிக்கும், இருட்டு ஆகாது. இருட்டான கூண்டுக்குள்ளே காலை வைக்காது. அப்போ துரத்தாமலே அது தானா உள்ளே வர்ற மாதிரி கூண்டு கட்டணும். என்.ஐ.டி. ஆர்க்கிடெக்சர் பசங்களுக்கே நல்ல அசைன்மென்ட் பாஸ்!

12 பறவைக்கு எட்டடிக்கு ஆறடி தாராளம். ராஜகோபுரம் ரேஞ்சுக்கு வேண்டாம், ஆறரை அடி உயரம் போதும். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வடக்கும் தெற்கும் கம்பிவலை, மற்ற ரெண்டு பக்கமும் சுவர். மே மாச வெயில் நேரா உள்ளே அடிக்காது. கதவு மேற்குச் சுவரில். சாயங்கால வெளிச்சம் உள்ளே விழும், பயம் போகும். கூரைக்குக் கீற்று பெஸ்ட். ஐப்பசி மழைக்கு வடக்குப் பக்கம் கூரையை மூணடி நீட்டி, படுதா ஒண்ணு கட்டி விடுங்க. குஞ்சுகளுக்கு ஈரம் எமன்.

அரை இஞ்ச் வெல்டு மெஷ்தான் போடணும். சாதாரண கோழிவலையைப் பிய்ச்சிடுவாங்க. வலையை ஒரு அடி மண்ணுக்குள்ளே இறக்கினா கீரி தோண்ட முடியாது. நாலடி உயரத்தில் ரெண்டு கம்பு கட்டினா மரத்தை மறந்துடும்.

பாட்டிக்கும் சுலபம்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடிச்சுட்டுப் போச்சு. அதனால ஆத்தோரத் தோப்புன்னா தரையை ரெண்டடி உயர்த்துங்க.

இதில் இன்னொரு லாபம். முட்டையிடும் பெட்டியைக் கூண்டுத் தரையோரம் மறைவா வெச்சு, வெளிப்பக்கம் மூடி போட்டா, அது நமக்கு ரெண்டடி உயரத்தில் வரும். முதுகு வளையாத பாட்டியும், வீல்சேரில் இருப்பவரும் வெளியே இருந்தே முட்டை எடுக்கலாம். தீனியும் தண்ணியும் அப்படியே. வீல்சேர் உள்ளேயும் போகணும்னா ரெண்டடி உயரத்துக்கு 24 அடி நீளச் சரிவு வேணும். இடம் இல்லையா? படியும் கைப்பிடியும் வைங்க. கதவு மூணடி அகலம், குனியாம நுழையற உயரம். பல வீட்டில் கோழி வளர்க்கிறது வயசானவங்கதான். அவங்க கைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஒருநாள் பூட்டாமலே கிடக்கும். அன்னிக்கு ராத்திரி மரநாய்க்கு விருந்து!

கட்டியாச்சு, அடுத்து?

புதுசா வாங்கின பறவைகளை நாலு முதல் ஆறு வாரம் உள்ளேயே வைங்க. 'இதுதான் வீடு'ன்னு மனசில் பதியும். அப்புறம் தினமும் பொழுது சாயறப்போ கம்பு, சோளத்தை உள்ளே போட்டு ஒரே மாதிரி குரல் கொடுங்க. வரிசையா வந்துடும். காலையில லேட்டா திறந்து விட்டா முட்டை புதருக்குப் போகாது. பெட்டியில் ரெண்டு மூணு முட்டையை விட்டு வைங்க, இல்லேன்னா இடம் மாத்திடும்.

டவுட் இருந்தா திருச்சி கொட்டப்பட்டில் கால்நடை பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கு, போய்க் கேளுங்க.

பூட்டினா மட்டும் பாதுகாப்பு வராது ஃப்ரெண்ட்ஸ். சுத்திட்டுத் தானா திரும்பி வரத் தோணணும், அப்படிக் கட்டினாத்தான் அது வீடு. ஹாஸ்டல் வார்டன்களே, கவனிக்கிறீங்களா?