வீரப் படங்களின் சுவை

திருகோணமலையில், கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், அதனருகே பாறை பிளந்து கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தை எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. 'இராவணன் வெட்டு' என்பது அதன் பெயர். இராவணனின் வாள் பட்டு உண்டான பிளவு என்பது ஐதிகம். அந்த வாள் எவ்வுலோகத்தால் ஆனது என்று அங்கே நின்று கேட்பவர் இல்லை. மலையின் உயரமும் அலையின் முழக்கமும் சேர்ந்து, அத்தகைய தோள்வலி ஒன்று இருந்திருக்கலாம் என்று சிறிது நேரம் எண்ணச் செய்கின்றன. பழைய வீரப் படங்களைப் பார்க்கும் மனமும் இத்தகையதே.

இவ்வகைப் படங்களை 'அட்டைக்கத்திப் படங்கள்' என்று எள்ளி நகைத்தவர்கள் உண்டு. நாயகன் வெல்வான் என்பது முன்னரே தெரியும். பின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கிழக்கிலங்கைக் கூத்துக் களரியில் பாரதக் கதையை விடிய விடியப் பார்த்தவர்களுக்கும் வெற்றி யாருக்கு என்பது தெரியும். எனினும் எவரும் எழுந்து போனதில்லை. முடிவு தெரிந்திருப்பதனாலேயே மனம் அச்சமின்றி இருந்து, 'எவ்வாறு வெல்வான்?' என்பதைச் சுவைக்கின்றது.

அந்த 'எவ்வாறு' என்பதில் தொழில் திறமைக்குப் பெரும் பங்குண்டு. 1957இல் வெளிவந்த 'மாயாபஜார்' படத்தில் எஸ். வி. ரங்காராவ் கடோற்கசனாக வந்து, கலியாண விருந்தைத் தனியொருவராக உண்டு தீர்ப்பார். பண்டங்கள் தாமாகவே அவர் வாயை நோக்கிப் பறந்து செல்லும். கணினி இல்லாத காலத்து மாயம் அது. மாயம் என்று தெரிந்தும் சிறுவரும் முதியவரும் ஒன்றாகவே சிரித்தனர்.

இலங்கையில் 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் தாமே தயாரித்து இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' 1958இல் வெளிவந்தது. அரசனாகவும், அவனைப் போன்ற உருவம் படைத்த சாதாரண மனிதனாகவும் அவரே தோன்றுவார். எதிரில் பி. எஸ். வீரப்பாவின் இராசகுருவோ எளிதில் வீழ்த்தக்கூடியவர் அல்லர். பகைவன் வலியவனாக இருந்தாலன்றி வீரத்துக்கு அளவுகோல் ஏது? மேலும், அரியணையில் அமர்ந்த அந்தச் சாதாரண மனிதன் ஏழைகளுக்காகச் சட்டம் செய்கின்றான். வாள் வீச்சை விரும்பிச் சென்றவர்கள் நீதியின் ஆசையையும் உடன் கொண்டு திரும்பினர்.

இவ்வகைப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி ஒன்றுண்டு. எதிரியின் வாள் நழுவி விழும். நாயகன் வெட்டமாட்டான், அதை எடுத்துக்கொள்ள இடங்கொடுத்துப் பின்னரே பொருதுவான். கொட்டகையில் கைதட்டல் எழுவது அப்பொழுதுதான். கொல்லக்கூடியவன் கொல்லாது நிற்பதே அங்கே வீரம்.

மேலை நாட்டிலும் இவ்வியல்பைக் காணலாம். 1938இல் சித்திரக் கதையாகப் பிறந்த சுப்பர்மான், 1978இல் கிறிஸ்தோபர் ரீவ் நடித்த படமாக வந்தான். வானிலிருந்து விழும் பெண்ணைத் தாங்கிக் காப்பாற்றும் அதே இரவில், மரத்தில் அகப்பட்ட ஒரு சிறுமியின் பூனையையும் இறக்கிக் கொடுக்கின்றான். பகலிலோ கண்ணாடி அணிந்து, கூனிக் குறுகி நடக்கும் பத்திரிகையாளன். பறக்கும் ஆற்றல் வியப்பைத் தருகின்றது. பூனைக்காக இறங்கி வரும் பணிவோ அன்பைத் தருகின்றது.

1983 முதல் 2009 வரை போரின் துயரைக் கண்ட நாடு இது. வலிமை என்பது யாது என்று பிள்ளைகள் எதனைப் பார்த்துக் கற்கின்றனர் என்பது இங்கே விளையாட்டான வினா அன்று. குருதி தெறிக்க எண்ணற்றோரை வீழ்த்துபவனை நாயகன் என்று காட்டும் படங்கள் இன்று பல. அவற்றின் நுட்பம் பெரிது. கத்தி மெய்யான கத்தி போலவே மின்னுகின்றது. அட்டைக்கத்தி பிடித்த பழைய நாயகனோ அதை எப்பொழுது ஓங்குவது என்பதோடு, எப்பொழுது தாழ்த்துவது என்பதையும் அறிந்திருந்தான். அப்படங்களைப் பார்த்து எழுந்தவர் மனத்தில் கலக்கமின்றி மகிழ்ச்சி நின்றதற்குக் காரணம் அதுவே.