அப்பாவின் கைக்கடிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

பீரோவைத் திறக்கிறீர்கள். பழைய துணிகளுக்கு அடியில் ஒரு சிறிய டப்பா. அதற்குள் அப்பாவின் கைக்கடிகாரம்!

சாவி கொடுத்துப் பார்க்கிறீர்கள். முள் நகரவில்லை. காதருகே வைக்கிறீர்கள். சத்தம் இல்லை.

இதற்கு மேல் சாவியைத் திருகாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து போயிருக்கும். அதைப் பழுது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் யாரை நம்பிக் கொடுப்பது?

நான் செய்த தவறு

என் அப்பா எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் கட்டியிருந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஈரம் புகுந்து, 12-க்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை விழுந்திருந்தது. சிறு வயதில் அந்தக் கறையைப் பார்த்துத்தான் நான் மணி கற்றுக்கொண்டேன்.

அப்பா இறந்த பிறகு அதை ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நன்றாக ஓடியது. ஆனால் கறையைக் காணோம்! டயல் பளபளவென்று புதிதாக இருந்தது.

"பழைய டயல் எங்கே?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்? தூக்கிப் போட்டாச்சு" என்றார் கடைக்காரர்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எதை மாற்றக் கூடாது என்று நான் முதலிலேயே சொல்லவில்லை. தவறு என்னுடையது.

கல்லைத் திருடுவார்களா?

"கடிகாரத்தில் 17 கல் இருக்கிறது. ரிப்பேர்காரர் திருடிவிடுவார்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு.

அந்தப் பயம் வேண்டாம். அவை செயற்கையாகச் செய்த மாணிக்கக் கற்கள். விற்றால் பெரிய விலை வராது. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழலவே அவற்றைப் பதிக்கிறார்கள். கல்லை எடுத்துவிட்டால் கடிகாரம் சரியாக ஓடாது.

கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். டயல், முள், மிஷின் ஆகியவை மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

எச்.எம்.டி. நிறுவனம் 1961-ம் ஆண்டு, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியுடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு பாட்டரியில் ஓடும் கடிகாரங்கள் வந்தன. சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கு மவுசு குறைந்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய மந்திரி சபை முடிவு செய்தது.

ஆகையால் உதிரி பாகங்களை, ஓடாத பழைய கடிகாரங்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். இது குற்றம் அல்ல. உங்களிடம் சொல்லாமல் செய்தால்தான் குற்றம்.

நல்லவரை அறிவது எப்படி?

கடையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். சாவி கொடுக்கும் கடிகாரம் கட்டியிருக்கும் பெரியவர்களிடம், "எங்கே கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அவரிடம் போங்கள்.

போனதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

நல்ல தொழிலாளி திறந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். உங்கள் முன்னாலேயே பின்மூடியைத் திறப்பார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். என்ன கோளாறு என்று உங்களுக்குப் புரியும்படி சொல்வார். தன்னால் முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுவார்.

"பிரித்துக் கழுவி எண்ணெய் விடுவீர்களா?" என்று கேளுங்கள். பிரிக்காமல் மேலாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கடிகாரம் சில நாள் ஓடும். பிறகு நின்றுவிடும். பழைய அழுக்கோடு எண்ணெய் கலந்து அச்சுகளைத் தேய்த்துவிடும்.

கொடுக்கும் முன்

* பின்மூடி திறந்திருக்கும்போது மிஷினைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயலையும் எடுங்கள்.

* மூடியில் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

* "டயலுக்கு வர்ணம் பூச வேண்டாம். கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று சொல்லுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

* அவசரப்படுத்தாதீர்கள். பழுது பார்த்த பிறகு சில நாள் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு அரை நிமிடம் கூடக் குறைய ஓடினால் குறை சொல்ல முடியாது.

ஜனதா கடிகாரம் நொடிக்கு 5 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் முறை! இவ்வளவு உழைக்கும் இயந்திரத்தை நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துக் கழுவுவது நல்லது.

அம்மாவின் கடிகாரம்

சென்ற ஆண்டு அம்மாவின் கடிகாரம் நின்றுவிட்டது. இந்த முறை நாலு பேரிடம் விசாரித்து ஒருவரிடம் போனேன். டயல் மஞ்சளாக இருந்தது. "இதை மாற்றிவிடலாமா?" என்று நானே சோதித்துப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். "இதை மாற்றினால் வேறு கடிகாரம் ஆகிவிடும். அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?" என்றார்.

பத்து நாள் கழித்துப் போனேன். கடிகாரத்தோடு ஒரு காகிதப் பொட்டலமும் கொடுத்தார். உள்ளே, உடைந்த பழைய ஸ்பிரிங்!

அம்மா கடிகாரத்தைக் காதருகே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அதே சத்தம்தான்" என்றார்.