கணியம்பாடியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு எந்தப் பக்கம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கணியம்பாடி. இந்த ஊரும் பெங்களூருவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே உள்ளன. அதனால் பெங்களூருவை வைத்தே கணக்குப் பார்ப்போம். அங்கே விமானம் ஏறும் பயணிக்கு சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? வான்வழியில் சுமார் 14,000 கி.மீ.

எந்தத் திசையில் என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுவார்கள்.

பசிபிக் கடல் நடுவில் வரும்படி வரைந்த சுவர் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வழி கிழக்கே, பசிபிக் கடலைத் தாண்டிப் போகும். அந்தக் கோட்டின் திசையிலேயே பறந்தால் சுமார் 16,100 கி.மீ. ஆகும், 2,000 கி.மீ.க்கு மேல் வீண். பூமி உருண்டை என்பதால் மிகக் குறுகிய பாதை வடக்கு நோக்கி, சற்றே கிழக்கே சாய்ந்து கிளம்புகிறது. நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என ஏறி, 71 டிகிரி வடக்கை எட்டிய பிறகு அலாஸ்கா வழியாக இறங்குகிறது. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

விமானங்கள் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே சுமார் 10,000 அடி உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். எதிர்க்காற்று, பின்காற்று, நாடுகளின் வான் எல்லை எல்லாம் கணக்கில் சேரும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூருவில் இறங்கியது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் தரையிறங்கியது. அமெரிக்கா போகும் விமானத்துக்கு சைபீரியாவில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு உலக உருண்டைதான் பதில்.

இந்தத் தூரங்களைத் துல்லியமாகச் சொல்ல, பூமியின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவீட்டில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே 100 அடிச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே மங்களூரு வரை அளந்து சென்றார். மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியும் போளூர் பக்கத்துக் கர்நாட்டிகர் மலையும் அவர் கோணம் பார்த்த இடங்கள். கணியம்பாடிக்காரர்களுக்குப் போளூர் பக்கத்து ஊர்தான்.

அந்தப் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூமி வடிவம், இந்திய வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமத்திய ரேகை ஆரத்தோடு ஒப்பிட்டால், 6,378 கி.மீ.க்கு வித்தியாசம் சுமார் 860 மீட்டர்தான். சங்கிலியும் கோணம் பார்க்கும் தியோடலைட்டும் கொண்டு அளந்த காலத்தில் இது வியக்கத்தக்க சாதனை.

ஆசிரியர்கள் புவியியல் வகுப்பில் சுவர்ப் படத்தோடு நிறுத்திவிட வேண்டாம். உலக உருண்டையில் பெங்களூருவையும் சான்பிரான்சிஸ்கோவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்; நூல் எந்த நாடுகளின் மேல் போகிறது என்பதைப் பிள்ளைகளே படித்துச் சொல்லட்டும்.